மழையே இல்லாத ஏப்ரலில் முதுமலை மரங்கள் துளிர்ப்பது எந்தத் தண்ணீரில்?

மோயாற்றங்கரை · ஏப்ரல் 9, இரவு 9.12

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி இது. வேலை நிமித்தமாக வாரத்தில் மூன்று நாள் மசினகுடியிலிருந்து தெப்பக்காடு வழியாகப் போய் வருகிறேன். டிசம்பர் முதல் வாரத்துக்கு அப்புறம் எங்கள் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. ஜனவரியில் புல் காய்ந்தது. பிப்ரவரியில் தேக்கும் வெக்காலியும் மொட்டையாகிவிட்டன. இப்போது வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டி போட்டால் இரண்டடிக்கும் பொடிதான் வருகிறது, ஈரம் என்று கையில் எதுவும் ஒட்டவில்லை.

ஆனால் இந்த வாரம் சாலையோரம் பூவத்தி மரம் ரத்தச் சிவப்பில் துளிர் விட்டு நிற்கிறது. புங்கன் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. கொன்றை பூக்கத் தொடங்கிவிட்டது. தென்மேற்கு மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

மழை வந்து துளிர்த்தால் புரிகிறது. மழைக்கு முன்னால், வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஒரு மரம் இலை விடுகிறது என்றால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? "வேர் ஆழமாப் போகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு ஆழம்? அங்கே இருப்பது எப்போது பெய்த மழை? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

---

இலவம்பஞ்சு · ஏப்ரல் 9, இரவு 10.40

அருமையான கேள்வி. எனக்குத் தெரிந்த வரை பதில் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. இலவு, முள்முருங்கை, கிளுவை போன்ற மரங்களை வெட்டிப் பார்த்தால் கட்டை எவ்வளவு மெத்தென்று ஈரமாக இருக்கும்! மழைக்காலத்தில் தண்ணீரைத் தண்டில் நிரப்பி வைத்துக்கொண்டு கோடையில் செலவு செய்கின்றன. இலவு பிப்ரவரியில் ஓர் இலைகூட இல்லாமல் பூத்துக் கொட்டுகிறதே, அந்தத் தண்ணீர் தண்டில் இருந்ததுதான்.

---

வேர்தேடி · ஏப்ரல் 10, காலை 6.55

இலவம்பஞ்சு அக்கா சொன்னது இலவு, கிளுவை மாதிரியான மென்கட்டை மரங்களுக்குப் பெருமளவு பொருந்தும். மோயாற்றங்கரை தம்பி கேட்கும் காட்டுக்குப் பாதி பதில்தான். நான் சில வருடம் காட்டு ஆராய்ச்சி வேலைகளில் களப்பணியாளராக இருந்தவன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் துளிர் விஷயம். மழைக்கு ஓரிரு மாதம் முன்னால் துளிர்ப்பது முதுமலையில் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவில் இருந்து தாய்லாந்து வரைக்கும் பருவமழைக் காடுகள் பலவற்றில் இதே கதைதான். மார்ச்சுக்குப் பிறகு பகல் நீள்வதை மரம் உணர்ந்து மொட்டை அவிழ்க்கிறது என்கிறார்கள். மழை தொடங்கும் நாளில் முழு இலையோடு நிற்கிற மரத்துக்கு அந்த வருட வளர்ச்சியில் முன்னிலை கிடைத்துவிடும். மழையோடு பெருகும் பூச்சி வருவதற்குள் இலையும் முற்றிவிடும்.

இலை உதிர்வதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில் மரம் மொட்டையாவதைச் சாவு மாதிரிப் பார்க்கிறோம். அப்போது வெளியே போகும் தண்ணீர் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆனால் ஆழத்து வேர் உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் தண்டை மறுபடி நிரப்புகிறது. தண்டு நிரம்பிய பிறகுதான் துளிரோ பூவோ வரும். கோஸ்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் வேலை செய்த ரால்ஃப் போர்ஷெர்ட் இதைப் பல வருடம் அளந்து காட்டியிருக்கிறார். ஆக, துளிருக்குக் கடைசியாகக் கைகொடுப்பது தண்டுத் தண்ணீர் என்பது சரி. அந்தத் தண்டை நிரப்பியது யார் என்பதுதான் நம் கேள்வி.

தண்டுச் சேமிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பனாமாவில் பெரிய காட்டு மரங்களில் அளந்தபோது, ஒரு நாள் செலவில் 9 முதல் 15 சதவீதம்தான் தண்டில் இருந்து வந்தது. மீதி அன்றன்றைக்கு வேர் கொண்டுவந்தது. வெக்காலி, கருமருது மாதிரி இரும்புக் கட்டை மரங்களில் தண்டுக்குள் இடமே குறைவு. அவை தண்டை நம்பி ஏப்ரலைக் கடக்க முடியாது.

---

கிணத்தடி · ஏப்ரல் 10, மதியம் 1.20

நான் தாராபுரம் பக்கம். எங்கள் அப்பா காலத்தில் கிணறு வெட்டு வேலை செய்த குடும்பம். படித்ததை வைத்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வெட்டும்போது மேலே செம்மண் மூன்று அடியோ ஐந்து அடியோ இருக்கும். அதன் கீழே சரளை. அப்புறம் மக்கிப்போன பாறை வரும். பார்த்தால் பாறை மாதிரியே இருக்கும், கோடு கூடத் தெரியும், கடப்பாரையில் குத்தினால் உதிரும். அதற்கும் கீழேதான் வெடி வைக்க வேண்டிய கெட்டிப்பாறை. வேர் எங்கே இருக்கும் தெரியுமா? எல்லோரும் நினைப்பது மேல் மண்ணில். உண்மையில் மக்கிய பாறையின் வெடிப்புக்குள் தட்டையாக, காகிதம் மாதிரி நசுங்கி இறங்கியிருக்கும். வேம்பு வேரை நாற்பது அடியில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் தண்ணீர் ஊற்று எதுவும் இல்லை. பாறை லேசாகக் குளிர்ச்சியாக, கை வைத்தால் ஈரம் தெரிகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

கிணற்றுத் தண்ணீருக்கு மேலேயே, ஊற்றே இல்லாத அந்தப் பாறையில் மரம் என்ன குடிக்கிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "பாறை வேர்க்குதுடா, அதைக் குடிக்குது" என்றார்.

---

வேர்தேடி · ஏப்ரல் 10, மாலை 5.05

கிணத்தடி ஐயா, உங்கள் அப்பா சொன்னதை ஆராய்ச்சிக்காரர்கள் வெகு தாமதமாகத்தான் பிடித்தார்கள். கலிஃபோர்னியாவின் வடக்கே ஈல் ஆற்றங்கரை மலைச்சரிவில் துளை போட்டு, வருடக்கணக்கில் பாறைக்குள் இருக்கும் ஈரத்தை அளந்தார்கள். டேனியெல்லா ரெம்பே, வில்லியம் டீட்ரிக் இருவரும் 2018-ல் வெளியிட்டது. வருட மழையில் 27 சதவீதம் வரைக்கும் மக்கிய பாறையில் ஈரமாகத் தங்கி, கோடையில் மரங்களுக்குப் போகிறது. மண்ணில் இருப்பதைவிட அது அதிகமாகவே இருந்தது. அது நிலத்தடி நீரும் அல்ல, மண் ஈரமும் அல்ல. கிணற்றில் ஊறாது, மோட்டாரில் இறைக்க முடியாது. வேர் மட்டுமே எடுக்கும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில், மைசூர்–கோழிக்கோடு சாலையில் மூலேஹொளே என்று ஓர் இடம். அங்கே ஒரு சிறிய ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இந்தோ-பிரெஞ்சு நீர் ஆராய்ச்சிக் குழு பல வருடமாக அளந்து வருகிறது. சராசரியாக 2 மீட்டர் மண், அதற்குக் கீழே 15 மீட்டர் மக்கிய பாறை. ஐயா சொன்ன அதே அடுக்கு. பெய்கிற மழையில் பெரும்பகுதி மரங்கள் வழியாக மேலே போய்விடுகிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான், அதுவும் தாமதமாக. நடுவில் இருக்கிற அந்தப் பதினைந்து மீட்டர் ஒரு பெரிய களஞ்சியம் மாதிரி இருந்து, வாங்கி வாங்கிக் கொடுக்கிறது.

தம்பியின் கேள்விக்கு வருவோம், அது எப்போது பெய்த மழை? சாதாரண வருடத்தில் மழை மேலிருந்து இறங்கும்போதே புல்லும் செடியும் மேல்வேரும் குடித்துவிடுகின்றன. ஆழத்துக்கு மிச்சம் வருவது குறைவு. நல்ல மழை வருடத்தில்தான் கீழே வரை நனைகிறது. அப்படியானால் இந்த ஏப்ரலில் பூவத்தி குடிப்பது போன டிசம்பர் மழையாக இருக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பங்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் பெய்ததாகவும் இருக்கலாம்.

---

பச்சைமயில் · ஏப்ரல் 10, இரவு 8.30

நான் தாவரவியல் முதலாண்டு மாணவி. ஓடைக்கரை மரங்கள்? மோயாறு ஓரம் நீர்மருது, நாவல், புங்கன் எல்லாம் கோடையிலும் பசுமையாக இருக்கின்றனவே. அவை ஆற்றுத் தண்ணீரைத்தானே குடிக்கின்றன? இதிலாவது குழப்பம் இல்லையே?

---

வேர்தேடி · ஏப்ரல் 10, இரவு 9.45

அதிலும் ஒரு ஆச்சரியம் இருக்கிறதம்மா. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் ஓடை, அதன் கரையிலேயே மரங்கள். 1991-ல் டாட் டாசனும் ஜேம்ஸ் ஏலரிங்கரும் ஓடைத் தண்ணீரையும் மரத்துக்குள் ஓடும் தண்ணீரையும் ஒப்பிட்டார்கள். வளர்ந்த மரங்கள் காலடியில் ஓடுகிற தண்ணீரைத் தொடவே இல்லை. ஆழத்தில் இருந்ததைக் குடித்துக்கொண்டிருந்தன. ஓடையோரத்துச் சின்ன மரங்கள்தான் ஓடைத் தண்ணீரை எடுத்தன. ஓடை ஒரு வருடம் ஓடும், ஒரு வருடம் காயும். ஆழத்துத் தண்ணீர் அப்படி ஏமாற்றாது. பல வருடம் அனுபவித்த மரம் நிலையான இடத்தை நம்புகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மோயாற்றங்கரையில் அப்படித்தான் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆற்றோரம் நிற்பதாலேயே ஆற்றைக் குடிக்கிறது என்றும் முடிவு கட்ட முடியாது.

---

பசுமைக்கரம் · ஏப்ரல் 11, காலை 7.15

இவ்வளவு படித்த பிறகு ஒரு முடிவு தெளிவாகிறது. வறட்சி கூடிக்கொண்டே போகிற காலத்தில் நாம் நட வேண்டியது ஆழவேர் மரங்களைத்தான். மேல்வேர் மரம் முதல் வறட்சியிலேயே போய்விடும், ஆழவேர் மரம் தாங்கும். எங்கள் ஊரில் பொதுநிலத்தில் 400 கன்று நடப் போகிறோம். ஆழவேர் மரப் பட்டியல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.

---

வேர்தேடி · ஏப்ரல் 11, காலை 11.50

ஐயா, நீங்கள் கன்று நடுவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த இழையில் நான் எழுத நினைத்ததிலேயே முக்கியமானது இதுதான்.

முதுமலைக்குள் 50 ஹெக்டேர் காட்டை 1988-ல் அளந்து குறித்தார்கள். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் தொடங்கியது. அதற்குள் ஒரு செ.மீ. தடிமனுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. யார் செத்தார், யார் புதிதாக வந்தார் என்று வருடா வருடமும், யார் எவ்வளவு வளர்ந்தார் என்று நான்கு வருடத்துக்கு ஒரு முறையும் கணக்கெடுக்கிறார்கள். எங்கள் தலைமுறையில் தென்னிந்தியக் காட்டுக்கு நடந்த பெரிய நன்மைகளில் ஒன்றாக இதை நினைக்கிறேன். பத்து இருபது வருடம் ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற பொறுமை எளிதில் கிடைக்காது.

அந்த இருபது வருடக் கணக்கை வைத்து ருதுஜா சித்ரா-தாரக்கும் சக ஆய்வாளர்களும் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 வகை மரங்கள். எந்த வகை எந்த ஆழத்தில் குடிக்கிறது, 2000-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த வறட்சி வருடங்களில் எந்த வகை அதிகம் செத்தது என்று பார்த்தார்கள். ஆழத்தில் குடிக்கிறவை தப்பித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதிகம் செத்தவை ஆழத்தை நம்பியவைதான்.

காரணத்தை யோசித்தால் நம் வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கிறது. மேல் மண் என்பது தினக்கூலி. ஒரு மழை இல்லையென்றால் பட்டினி, அடுத்த மழை வந்த அன்றே சாப்பாடு. ஆழம் என்பது சேமிப்பு. ஒரு வருட வறட்சியை அது கண்டுகொள்வதே இல்லை. ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு மழை வந்தாலும் உடனே நிறையாது. முதலில் மேல் மண் நனைய வேண்டும், அங்கே இருப்பவர்கள் குடித்து முடித்த மிச்சம்தான் கீழே இறங்கும். மேல்வேர் மரம் புது மழையில் துளிர்த்து நிற்கும்போது, அதன் பக்கத்திலேயே ஆழவேர் மரத்துக்கு இன்னும் வறட்சி முடிந்திருக்காது. ஒரே காடு, ஒரே மழை, ஆனால் இரண்டு மரங்களுக்கு வறட்சி வந்த வருடமே வேறு.

அதனால் ஆழவேர் மட்டும் 400 நடாதீர்கள். எல்லோரும் ஒரே களஞ்சியத்தில் கை வைப்பார்கள். கலந்து நடுங்கள்.

---

கிணத்தடி · ஏப்ரல் 11, இரவு 7.40

இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2016-ல் வடகிழக்கு மழை பொய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து 62 சதவீதம் குறைவு. எங்கள் தோட்ட வரப்பில் அப்பா நட்ட தேக்கு இருபத்திரண்டு, இரண்டு பெரிய வாகை. 2016-ல் எதுவும் சாகவில்லை. 2017 கோடையிலும் நின்றன. அந்த வருடம் தென்மேற்கு மழை நன்றாகவே இருந்தது, கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. தப்பித்தோம் என்று நினைத்தோம். 2018-ல் தேக்கு நுனியில் இருந்து காய ஆரம்பித்தது. ஒன்பது போயிற்று. பெரிய வாகை ஒன்றும் போயிற்று.

மழை வந்த பிறகு மரம் சாகிறதே என்று எங்களுக்குப் புரியவே இல்லை. மருந்து வாங்கி ஊற்றினோம், வேர்ப்புழு என்று ஒருவர் சொன்னார், வேரைத் தோண்டிப் பார்த்தோம், புழு இல்லை. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த வருத்தம் இருந்தது, தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக. மேலே புல் வளர்ந்தபோது கீழே காலியாகவே இருந்திருக்கிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

---

பசுமைக்கரம் · ஏப்ரல் 11, இரவு 9.05

ஐயா, உங்கள் பதிவு மனதைப் பிசைந்துவிட்டது. பட்டியல் கேட்டதை மாற்றிக்கொள்கிறேன், கலந்தே நடுகிறோம். ஒரு சந்தேகம் மட்டும். கன்றுகள் முதல் மூன்று கோடையை எப்படித் தாண்டும்? அவற்றுக்கு ஆழமும் இல்லை, சேமிப்பும் இல்லையே.

---

வேர்தேடி · ஏப்ரல் 11, இரவு 10.10

காட்டில் பல கன்றுகள் தாண்டுவதே இல்லை. சில வகைகள் வேறு வழி வைத்திருக்கின்றன. தேக்குக் கன்றோ மருதக் கன்றோ கோடையில் தரைக்கு மேலே முழுதாகக் காய்ந்துவிடும். மழை வந்ததும் அடியில் இருந்து புதுத் தண்டு வரும். அடுத்த கோடையில் அதுவும் காயும். இப்படிப் பல வருடம். மேலே பார்த்தால் ஒரு வருடக் கன்று, கீழே விரல் தடிமனுக்கு மேல் பழைய வேர். ஆழத்தைப் பிடித்த பிறகு ஒரு வருடம் காயாமல் எழுந்துவிடும். அதனால் நட்ட கன்று காய்ந்தது என்று உடனே பிடுங்கிவிடாதீர்கள். ஒரு மழை வரை பொறுங்கள்.

---

எண்சுவடி · ஏப்ரல் 12, காலை 8.20

வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எல்லாமே படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு மரம் எந்த ஆழத்தில், எந்தப் பருவத்து மழையைக் குடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் முடிவுகளை மட்டும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதுமலை ஆய்வில் யாராவது வேரைத் தோண்டிப் பார்த்தார்களா?

---

வேர்தேடி · ஏப்ரல் 12, மதியம் 2.30

நியாயமான கேள்வி. முதுமலை ஆய்வில் வேரைத் தோண்டவில்லை. மழைக் கணக்கை வைத்து ஒவ்வோர் ஆழத்திலும் எந்த வருடம் எவ்வளவு ஈரம் இருந்திருக்கும் என்று ஒரு கணினி மாதிரியில் கண்டார்கள். பிறகு ஒவ்வொரு வகை மரத்தின் வளர்ச்சி ஏற்ற இறக்கமும் எந்த ஆழத்து ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். அதனால் கிடைப்பது "இது அதைவிட ஆழம்" என்ற வரிசை. இத்தனை அடி என்று கை வைத்துச் சொல்லும் அளவு அல்ல. மரணக் கணக்கை அந்த வரிசையைப் போடப் பயன்படுத்தவில்லை. அப்படி இருந்தும் வரிசை மரணத்தோடு ஒத்துப்போனது, அதனால்தான் நான் அதை நம்புகிறேன். இன்னொரு சிக்கலையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். வறட்சியில் தண்டு தண்ணீர் இழந்து சுருங்கும், மழையில் உப்பும். நாடா வைத்து அளந்தால் மரம் "குறைந்து" போனதாகக் கணக்கு வரும். அதைத் திருத்த ஒரு முறையைத் தனியாகவே எழுதினார்கள்.

நேரடியாக அளக்கும் வழி ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகைகள். உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தண்ணீரில் மிகச் சிறிய பங்கு கனமான தண்ணீர், அதாவது ஆக்சிஜன்-18 அல்லது டியூட்டீரியம் உள்ளது. ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பங்கு வேறு. நம் தெற்கில் வடகிழக்குப் பருவமழை பொதுவாகத் தென்மேற்கு மழையைவிடக் கனம் குறைந்தது. மேல் மண்ணில் வெயில் பட்டு ஆவியாகும்போது லேசானது முதலில் போய், கனமானது தங்கும். ஆழத்தில் அந்த மாற்றம் இருக்காது. வேர் உறிஞ்சும்போது பெரும்பாலும் கனம், லேசு என்று பிரிப்பதில்லை, அப்படியே எடுக்கும். அதனால் முற்றிய, பட்டை விழுந்த கிளைத் துண்டை வெட்டி, காற்றுப் புகாத குப்பியில் உறைய வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை எடுத்து அளந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பச்சைக் குச்சி வெட்டக்கூடாது, அது தானே ஆவியாக்கிக் குழப்பிவிடும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வாரத்து மாதிரிகளை அப்படி வீணாக்கினேன், இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வழியில் சுவிட்சர்லாந்தில் ஸ்காட் ஆலனும் குழுவினரும் சுமார் 180 இடங்களில் நடுக்கோடையில் மரங்களைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். பீச், ஓக் மரங்களுக்குள் கோடையில் ஓடியது பெரும்பாலும் குளிர்கால மழை, பனி. ஸ்ப்ரூஸ் மரம் கோடை மழையையும் கணிசமாக எடுத்திருந்தது. வெளியே கோடை மழை பெய்துகொண்டிருக்கிறது, உள்ளே ஆறு மாதத்துக்கு முந்தைய தண்ணீர் ஏறுகிறது! கோடை வறண்டே கிடக்கும் அமெரிக்க ஓரிகன் காட்டில் ரெனே புரூக்ஸ் 2010-ல் கண்டது இன்னொரு விதம். மண்ணின் நுண்துளைகளில் முதல் மழையே இறுகப் பிடித்துக்கொள்கிறது, அடுத்து வரும் பெருமழை அதைத் தள்ளாமல் பக்கத்தில் வழிந்து ஓடைக்குப் போய்விடுகிறது. மரம் குடிப்பது அந்தப் பழைய, இறுகிய தண்ணீரை.

இதிலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கிளையில் இருந்து வெற்றிடத்தில் ஆவியாக்கித் தண்ணீர் எடுக்கும் முறையே டியூட்டீரியம் அளவைக் கொஞ்சம் திரிக்கிறது என்று 2020-ல் காட்டினார்கள். அதனால் பழைய முடிவுகள் சிலவற்றைத் திரும்பப் பார்க்கிறார்கள்.

---

எண்சுவடி · ஏப்ரல் 12, மாலை 6.00

நன்றி. இப்படி எழுதினால்தான் நம்ப முடிகிறது. எங்கள் ஆய்வகத்தில் யாரிடமாவது இதைப் பற்றிப் பேசிப் பார்க்கிறேன்.

---

கோத்தகிரிப்பனி · ஏப்ரல் 12, இரவு 8.50

மேலே இருந்து ஒரு குரல். எங்கள் கோத்தகிரிச் சோலைக்காட்டில் மார்ச் மாதம் காலையில் நடந்தால் மழையே இல்லாமல் மரத்தடி மட்டும் நனைந்து கிடக்கும். பாசி படர்ந்த கிளையெல்லாம் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுகிறது. சோலைக்கு வெளியே இரண்டடி தள்ளினால் காய்ந்த தரை. இதுவும் மரத்துக்குத் தண்ணீர்தானே?

இன்னொன்றும் எழுத ஆசை. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் ஊற்று சித்திரையிலும் ஓடுமாம். மேலே புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைத்த பிறகு மாசியிலேயே நின்றுவிடுகிறது.

---

வேர்தேடி · ஏப்ரல் 12, இரவு 10.15

கண்டிப்பாகத் தண்ணீர்தான். கலிஃபோர்னியக் கடலோர ரெட்வுட் காட்டில் டாசன் மூன்று வருடம் அளந்து 1998-ல் எழுதினார். காட்டுக்கு வருகிற மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மூடுபனி சொட்டியது. மழை இல்லாத கோடையில் அடிச்செடிகளுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி அதுவே. இலை வழியாக நேராக உறிஞ்சுவதும் உண்டு. பனியைப் பிடிக்க உயரமும் கிளையும் வேண்டும். மரத்தை வெட்டினால் அந்தத் தண்ணீர் காற்றோடு போய்விடும்.

அம்மா சொன்னதற்கும் அளவு இருக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்வெளிச் சரிவுகளை எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, ஊட்டி மண்–நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பல வருடம் அளந்தார்கள். நட்ட சரிவில் இருந்து வரும் தண்ணீர் முதல் பத்து வருடத்தில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதம் ஆனது. பெங்களூர் பக்கத்து ஹொசகோட்டையில் ஆழமான செம்மண்ணில், பெய்த மழையைவிட அதிகமாகவே யூகலிப்டஸ் குடித்தது என்று இயன் கால்டர் கண்டார். பெய்ததைவிட அதிகம் எப்படிக் குடிக்கும்? வேர் ஒவ்வொரு வருடமும் இன்னும் கீழே இறங்கி, பழைய வருடங்களின் தண்ணீரை எடுத்துக்கொண்டே போகிறது. முன்னால் சொன்ன அதே சேமிப்புதான். அந்த மண்ணில் அதுவரை தொடாமல் கிடந்ததைப் புதிதாக வந்தவர் எடுக்கிறார்.

---

பச்சைமயில் · ஏப்ரல் 13, காலை 7.05

ஒரே ஒரு கேள்வி ஐயா. ஆழத்துத் தண்ணீர் அந்த மரத்துக்கு மட்டும்தானா? பக்கத்துச் செடிக்குக் கிடைக்காதா?

---

வேர்தேடி · ஏப்ரல் 13, காலை 9.30

கிடைக்கும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொண்டதும் ஆழத்துத் தண்ணீர் மேல்வேர் வரை ஏறி, காய்ந்த மண்ணுக்குள் கசிகிறது. சர்க்கரை மேப்பிள் மரத்தடியில் நிற்கும் செடிகள் அப்படிக் கசிந்ததைக் குடிப்பதை 1993-ல் காட்டினார்கள். நம் ஊரில் கேழ்வரகோடு துவரை ஊடுபயிராகப் போடுகிறார்களே, துவரை வேர் இதே மாதிரி ராகிக்குக் கொடுக்கிறதா என்று பரிசோதித்து, கொடுக்கிறது என்று கண்டிருக்கிறார்கள்.

---

மோயாற்றங்கரை · ஏப்ரல் 27, இரவு 8.25

எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், மழைக்காகக் காத்திருந்தேன்.

நேற்று மாலை எங்கள் பக்கம் முதல் கோடை மழை. ஒரு மணி நேரம் நல்ல இடியோடு கொட்டியது. வீட்டு முன்னால் வைத்திருந்த நேர்ச்சுவர் வாளியில் நாலரை செ.மீ. தண்ணீர். இன்று காலை வீட்டுப் பின்னால் எங்கள் பட்டா நிலத்தில், துளிர்த்து நிற்கும் புங்கனுக்கு நாலடி தள்ளி, குழி தோண்டினேன். ஒரு சாணும் நாலு விரலும் வரை மண் கறுப்பாக ஈரம். அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி பழைய பொடி மண். மூன்றடி வரை போனேன், பொடிதான். புங்கன் இந்த இலையோடு நிற்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது, நேற்றைய மழை அதன் வேருக்கு இன்னும் போய்ச் சேரவே இல்லை.

நாலடியில் சரளை வந்தது. ஐந்தடியில் கிணத்தடி ஐயா சொன்ன மக்கிய பாறை. கடப்பாரையில் ஒரு துண்டைப் பெயர்த்தேன். வெடிப்புக்குள் பென்சில் தடிமனில் ஒரு வேர், தட்டையாக நசுங்கி. உள்பக்கம் கை வைத்துப் பார்த்தேன் ஐயா, குளிர்ச்சியாக இருந்தது. குழியை மூடிவிட்டேன்.